ஹோஸ் பைப்பைக் கழற்றாமல் குளிர்காலத்துக்குள் போகாதீர்கள்

உங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் சுவரோரம் இருக்கும் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதில் ரப்பர் ஹோஸ் ஒன்று ஆண்டு முழுவதும் மாட்டியபடியே கிடக்கும். ஹோஸின் நுனியில் துப்பாக்கி போன்ற ஒரு பிளாஸ்டிக் பிடி. சுவரில் உள்ள குழாயைத் திறந்தே வைத்திருப்போம்; பிடியை விட்டால் தண்ணீர் நின்றுவிடும், அழுத்தினால் வரும். கார் கழுவ, பூச்செடிக்கு ஊற்ற, வாசலைக் கழுவிவிட வசதியான ஏற்பாடு. ஈப்போவிலும் கிள்ளானிலும் இதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை.

இதே ஏற்பாட்டை மான்செஸ்டரிலோ டொராண்டோவிலோ டாலசிலோ டிசம்பர் மாதம் அப்படியே விட்டு வைத்தால், சுவருக்குள் இருக்கும் குழாய் பிளந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. பிளந்தது அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

குளிர்காலமே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இல்லாததால்தான் எழுத வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1978-ஆம் ஆண்டு கேமரன் மலையில் பதிவானது. தண்ணீர் உறைய அதற்கும் கீழே ஏறக்குறைய எட்டு டிகிரி இறங்க வேண்டும். ஆகவே, குழாய்க்குள் தண்ணீர் உறைவது என்பது நமக்கோ, நம் அப்பாவுக்கோ, தாத்தாவுக்கோ அனுபவத்தில் இல்லாத ஒன்று. பிள்ளைகளைப் படிக்கவும் வேலைக்கும் குளிர் நாடுகளுக்கு அனுப்புகிறோம். தடித்த குளிர்ச்சட்டை வாங்கித் தருகிறோம், ரசப்பொடியும் ஊறுகாயும் கட்டித் தருகிறோம், காதை மூடிக்கொள் என்று தினமும் போன் போட்டுச் சொல்கிறோம். வாடகைக்கு எடுத்த வீட்டில் தண்ணீரை எங்கே மூடுவது என்று கேட்டு வைத்துக்கொள் என யாரும் சொல்லி அனுப்புவதில்லை. நமக்கே தெரியாததை எப்படிச் சொல்வது!

முதலில் குழாய் ஏன் வெடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி வரை சுருங்கும். அதன் பிறகு மெல்ல விரியத் தொடங்கி, பனிக்கட்டியாக மாறும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருத்துவிடும். இது பள்ளிப் பாடத்தில் வருவது. அதை வைத்துக்கொண்டு, குழாய்க்குள் பனிக்கட்டி பெருத்து, சுவரை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நடப்பது சற்று வேறு. குழாயின் ஓரிடத்தில் தண்ணீர் உறைந்து அடைப்பு ஏற்படுகிறது. அந்த அடைப்பு நீளவாட்டில் வளர்கிறது. அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே இன்னும் உறையாத தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்குவது மிகக் கடினம். பனிக்கட்டி வளர வளர, சிக்கிய தண்ணீரின் அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. உடைப்பது அந்தத் தண்ணீர்தான். அதனால்தான் பல வீடுகளில் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் குழாய் நன்றாக இருக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, உறையாத இடத்தில் விரிசல் கண்டிருக்கும்.

அழுத்தத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் தண்ணீரின் அழுத்தம் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3 முதல் 5 மடங்கு. வீடுகளில் போடும் செப்புக் குழாய் சில நூறு மடங்கு வரை தாங்கும். வெளியேற வழியில்லாமல் அடைபட்ட தண்ணீர் உறையும்போது, வெப்பநிலை போதிய அளவு இறங்கினால், 2,000 மடங்கு வரை அழுத்தம் எழ முடியும். செம்போ இரும்போ, இதற்கு எதிரே நிற்காது.

1784-85 குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் நகரில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி இதைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இரும்புத் தக்கையால் அடைத்து, வெளியே குளிரில் வைத்தார். ஒரு குண்டின் தக்கை 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது. துளை வழியே பனிக்கட்டி நீட்டிக்கொண்டு வந்தது. தக்கை பிடிவாதமாக நின்ற இடத்தில் குண்டே பிளந்தது. வெளியேற வழி கிடைத்த தண்ணீர் தக்கையைத் தூக்கி எறிந்தது. வழி கிடைக்காத தண்ணீர் இரும்பையே பிளந்தது. ஹோஸின் நுனியில் மூடிய பிடியோடு நிற்கும் உங்கள் குழாய், தக்கை நகராத அந்த இரண்டாவது குண்டுதான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எந்த ஆலோசனை நல்லது, எது வெறும் சடங்கு என்பது தானாகத் தெரிந்துவிடும். என் கருத்து இதுதான்: வெளிக்குழாயைப் போர்த்துவதைவிட அதைக் காலி செய்வது மேல். தண்ணீர் இல்லாத குழாயில் உறைய ஒன்றுமில்லை.

ஆனால் நடைமுறையில் மக்கள் செய்வது போர்த்துவதுதான். குளிர் எச்சரிக்கை வந்ததும் பழைய துண்டையும் போர்வையையும் குழாயில் சுற்றுகிறார்கள். கடையில் விற்கும் நுரை மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். நம் மீன் சந்தையில் வெள்ளை நுரைப்பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். குழாய் மூடியும் அதே இனத்துப் பொருள்தான். பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. மூடி சூட்டை உண்டாக்குவதில்லை. இரண்டும் வெப்பம் கடப்பதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். ஓர் இரவு மட்டும் லேசாக உறைநிலைக்குக் கீழே போய் விடிந்ததும் ஏறிவிடும் ஊரில் அந்தத் தாமதம் போதும். மூன்று நாள் தொடர்ந்து குளிர் நின்றால் போர்வைக்குள்ளேயே உறையும். மூடியை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. காலி செய்த குழாய்க்கு மேல் அதை மாட்டினால் சுவருக்குள் போகும் குளிர் குறையும். தண்ணீர் நிற்கும் குழாயில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் ஆபத்து.

எவ்வளவு குளிரில் உறையும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஒரு பயனுள்ள விடை தந்தார்கள். வீட்டுக் கூரைக்கு அடியில், சூடேற்றப்படாத பகுதியில் ஓடும் குழாய்களை அவர்கள் சோதித்தார்கள். வெளி வெப்பநிலை சுமார் −7 டிகிரிக்கு இறங்கும்போது எச்சரிக்கை விடுக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வரம்பு. கூரைக்கு அடியில் இருக்கும் குழாய்க்கு வீட்டின் கசியும் சூடு கொஞ்சமாவது கிடைக்கும். வெளிச்சுவரில் காற்றடிக்கும் இடத்தில் நிற்கும் குழாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே, வானிலை அறிக்கையில் சுழியத்துக்குக் கீழே என்று வந்தாலே வெளிக்குழாயைக் கவனித்துவிட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. குழாய் வெடித்து நாசமாவது அதிகக் குளிர் உள்ள ஊரில்தான் அதிகம் என்று நினைப்போம். மினசோட்டா மாநிலத்தில் −30 டிகிரி சாதாரணம். அங்கே தெருவின் பிரதானக் குழாய்களை ஏழு, எட்டு அடி ஆழத்தில் புதைக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் குழாய் நிலவறை வழியாகவும் உட்சுவர் வழியாகவும் போகும். பண்ணைகளில் வெட்டவெளியில் நிற்கும் குழாய் ஒன்று உண்டு: மேலே கைப்பிடி, கீழே நீண்ட கம்பி, வால்வு மட்டும் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே. கைப்பிடியை மூடினால் மேலே நிற்கும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் அடியில் உள்ள சிறு துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும். ஜனவரி மாத நடுக்குளிரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அந்தக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதற்குப் போர்வையும் இல்லை, நுரை மூடியும் இல்லை. காலியாக நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

டெக்சஸ் கதை வேறு. அங்கே கோடை கொளுத்தும். நிலவறை இல்லாத, தரையோடு கட்டிய வீடுகள். குழாய்கள் பல வீடுகளில் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவர்களிலும் ஓடும். 2021 பிப்ரவரி 16-ஆம் தேதி டாலஸ் விமான நிலையப் பகுதியில் −19 டிகிரி. வெப்ப நாடு போன்ற ஹூஸ்டனிலேயே −10 டிகிரி. மின்சாரமும் நின்றுபோனது, 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. சூடேற்றி நின்றதும் குழாய்கள் வரிசையாக உடைந்தன. நீர் அழுத்தம் விழுந்து, ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் அதிகமான மக்களுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு போனது. மாநில அரசின் கணக்குப்படி அந்தப் புயலில் 246 பேர் இறந்தார்கள். குளிரும் மின்தடையும் அதற்குப் பெரிய காரணங்கள். குழாய்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் வீட்டில், மின்சாரமும் இல்லாமல் அந்தக் குளிரில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, வீட்டுக்காரரைப் பார்த்து ‘நீ குழாயைச் சரியாக மூடவில்லை’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. எந்தச் சுவரில் குழாயை ஓட்டுவது என்பதை வீட்டைக் கட்டியவர் முடிவு செய்தார். அதை அனுமதித்தது கட்டட விதி. செலவு மிச்சம் அவர்களுக்கு, தண்ணீர் வாரி இறைக்கும் வேலை குடியிருப்பவருக்கு. விதியைத் திருத்தும் பொறுப்பு அங்குள்ள அரசுகளுடையது. அது நடக்கும் வரை பத்து நிமிட வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிட வேலையைச் சொல்கிறேன். முதல் உறைபனிக்கு முன்பே ஹோஸைக் கழற்றுங்கள். கழற்றி, தண்ணீரை வடியவிட்டு, சுருட்டி உள்ளே வையுங்கள். பிறகு வீட்டுக்குள் போய், அந்த வெளிக்குழாய்க்கென்று தனியாக ஒரு வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். அமெரிக்கா, கனடாவில் நிலவறையிலோ அந்தச் சுவரின் உட்புறத்திலோ இருக்கும். அதை மூடுங்கள். மூடிய பிறகு வெளியே வந்து குழாயைத் திறந்துவிடுங்கள். மிச்சத் தண்ணீர் ஓடி நின்றதும் குழாயைத் திறந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். இதைத்தான் நம்மவர்கள் செய்ய மறுக்கிறார்கள். குழாயைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போக நமக்கு மனம் வராது. தண்ணீர் வீணாகும் என்று கை தானாகப் போய் மூடிவிடும். வால்வு உள்ளே மூடியிருக்கிறது, தண்ணீர் வராது. எங்காவது நாலு சொட்டு மிஞ்சி உறைந்தாலும் அது விரிய வாய் திறந்திருக்க வேண்டும். உள்வால்வின் பக்கவாட்டில் சிறு மூடி இருந்தால் அடியில் ஒரு வாளியை வைத்து அதையும் திறந்து வடித்துவிடுங்கள்.

தனி வால்வே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே நுரை மூடிதான் கிடைத்த கதி. கடுங்குளிர் வரும் என்றால் வீட்டின் மெயின் வால்வையே இரவில் மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடித்துவிடலாம். தோட்டத்தில் மண்ணுக்குள் தெளிப்பான் குழாய் போட்டிருந்தால் அதை இயந்திரக் காற்றால் ஊதிக் காலி செய்ய வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் குழாயும் மூட்டுகளும் சிதறும். அதற்கென உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். நாமே செய்யும் வேலையில்லை.

வட அமெரிக்க வீடுகளில் இப்போது ‘உறையாத குழாய்’ என்று ஒன்று பரவலாக வந்துவிட்டது. வெளியே பார்த்தால் சாதாரணக் குழாய்தான். அதன் தண்டு 15 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். வால்வு சுவரைத் தாண்டி, வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கும். மூடியதும் தண்டில் நிற்கும் தண்ணீர் வெளிப்பக்கமாகச் சரிந்து வடியும். பண்ணைக் குழாயின் அதே தந்திரம், படுக்கை வாட்டில். நல்ல பொருள்தான். ஆனால் பெயரை நம்பி ஹோஸை மாட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாது. தண்டு நிரம்பி நின்று, உறைந்து, சுவருக்குள் பிளக்கும். உறையாத குழாயை உறைய வைக்கும் ஒரே சாதனம் ஹோஸ் என்றே சொல்லலாம்.

‘குழாயைச் சொட்டவிடுங்கள், ஓடும் தண்ணீர் உறையாது’ என்றும் ஓர் ஆலோசனை உண்டு. ஓடும் தண்ணீரும் உறையும், ஆறுகளே உறைகின்றன. சொட்டவிடுவது பயன்படுவதற்கு முக்கியக் காரணம், சிக்கிய தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்து அழுத்தம் ஏறாமல் இருப்பதுதான். வீட்டுக்குள், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்க்கு ஓர் இரவு அதைச் செய்யலாம். வெளிக்குழாயைச் சொட்டவிட்டால் வாயிலேயே பனி கட்டி அடைத்துக்கொள்ளும். தவிர, ஊரே சொட்டவிட்டால் என்ன ஆகும்? 2021-இல் ஹூஸ்டன் மாநகரில் அழுத்தம் அவ்வளவு குறைந்ததால், தண்ணீரை ஓடவிட வேண்டாம் என்று அதிகாரிகளே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் போக வேண்டிய தண்ணீர் அது.

பிரிட்டனில் இருக்கும் நம் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 பிப்ரவரி கடைசியில் அங்கே கிழக்கிலிருந்து வந்த கடுங்குளிர் மார்ச் தொடக்கத்தில் சட்டென்று விலகியது. பனி உருகியதும் குழாய் உடைப்புகள் வெளிப்பட்டன. நீர் ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கைப்படி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வரவில்லை. உறைந்திருக்கும் வரை பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்த பிறகுதான் வெள்ளம் வரும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, கட்டணத்தை மிச்சம் பிடிக்கச் சூடேற்றியை முழுதாக அணைத்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்குப் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1953-இல் வாரன், கீன் வழக்கில் நீதிபதி டென்னிங், குளிர்காலத்தில் வீட்டை விட்டுப் போகும் குடித்தனக்காரர் தண்ணீரை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் அவருடைய சிறு கடமைகளில் ஒன்றாகச் சொன்னார். 1982-இல் வந்த மற்றொரு வழக்கில், கடுங்குளிரில் இரண்டு இரவு மட்டும் வெளியே போயிருந்த ஒருவர்மீது தவறில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. குளிர் எவ்வளவு, போனது எத்தனை நாள் என்பதைப் பொறுத்தே பொறுப்பு. மூன்று வாரம் கோலாலம்பூரில் இருந்துவிட்டுத் திரும்பி, ‘எனக்குத் தெரியாது’ என்றால் வைப்புத்தொகை திரும்பக் கிடைப்பது கடினம். பல காப்புறுதித் திட்டங்களும் வீடு நீண்ட நாள் காலியாகக் கிடந்தால் கைவிரித்துவிடும்.

வீட்டு உரிமையாளர்களையும் சும்மா விட முடியாது. சாவியைக் கொடுக்கும்போது வைஃபை கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் தருகிறார்கள். அதே தாளில், ‘தண்ணீர் வால்வு தொட்டிக்குக் கீழே, வலப்பக்கம்’ என்று ஒரு வரி சேர்க்க எத்தனை நேரம் ஆகும்? வெப்ப நாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. அவர்கள் சொல்லாவிட்டால் குடிபோகும் நாளிலேயே நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதோடு நிற்காமல், வால்வை ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டு தொடாமல் இருந்த வால்வு இறுகிப் போயிருக்கும். நள்ளிரவில் தண்ணீர் கொட்டும்போது அது தெரிய வருவது நல்லதல்ல.

ஒருவேளை உறைந்தே போய்விட்டால் அவசரப்பட வேண்டாம். முதலில் மெயின் வால்வை மூடுங்கள், குழாய் வாயைத் திறங்கள். முடி உலர்த்தும் கருவியாலோ, வெந்நீரில் நனைத்த துணியாலோ, வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல உள்நோக்கிச் சூடேற்றுங்கள். வாய்ப்பக்கம் முதலில் உருகினால்தான் தண்ணீர் வெளியேற வழி இருக்கும். நெருப்பை மட்டும் காட்டாதீர்கள். தீப்பந்தத்தால் குழாயைச் சூடாக்கப் போய், மரச்சுவர் பற்றி வீடே எரிந்த சம்பவங்கள் குளிர் நாடுகளில் நடந்திருக்கின்றன.

குளிர்காலம் முடிந்ததும் பலர் செய்யும் காரியம், முதல் வெயில் நாளில் வால்வைத் திறந்துவிட்டு நேரே தோட்டத்துக்கு ஓடுவது. ஜனவரியில் சுவருக்குள் பிளந்த தண்டு ஏப்ரலில்தான் தன்னைக் காட்டும். நீங்கள் வெளியே செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்க, உள்ளே சுவரும் தரைவிரிப்பும் நனைந்துகொண்டிருக்கும். முதல் நாள் ஹோஸை மாட்டாதீர்கள். ஒருவர் உள்ளே சுவரருகே நின்று கவனிக்க, மற்றவர் வெளியே குழாயைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிப் பார்க்கட்டும். நல்ல குழாய் என்றால் அழுத்தம் விரலைத் தள்ளிக்கொண்டு நாலாபுறமும் பீய்ச்சி அடிக்கும், சட்டை நனையும். விரலால் எளிதாக நிறுத்திவிட முடிகிறது என்றால் தண்ணீர் வேறு எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. உடனே உள்வால்வை மூடிவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.